மெய்லிங்கின் வாய்ப் பரீட்சை

இலங்கையில் போர் முடிந்து இரண்டு கிழமைதான். பரிமளம் தொலைக்காட்சிச் செய்தியில் மூழ்கியிருந்தாள். பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் சீன மாணவி மெய்லிங் அழுதபடி மேலே ஓடி வந்தாள். ரொறன்ரோவுக்கு வந்த ஒரு வருடத்தில் அவள் தயங்காமல் வாய் திறப்பது பரிமளத்திடம் மட்டும்தான்.

“அன்ரி, நான் வகுப்பிலை கதைக்கிறேல்லை எண்டு அப்பாவுக்குத் தெரிஞ்சிட்டுது. ஸ்கைப்பிலை நிக்கிறார். இங்கிலீஷ் கதைச்சுக் காட்டட்டாம். இல்லாட்டி ஊருக்குத் திரும்பி வரட்டாம்.”

“அழாதை பிள்ளை. என்னோட கதை, அவர் பாக்கட்டும்.”

இருவரும் கணினி முன் அமர்ந்தார்கள்.

“உங்கட தங்கச்சி கதைச்சவவோ, அன்ரி?”

“ஓம், முகாமிலையிருந்து நேற்றுக் கதைச்சவள். சுகமா இருக்கிறாளாம்.”

“நல்லது. இண்டைக்கு என்ன கறி?”

“கத்தரிக்காய்.”

“நேற்றும் உதுதானே!”

“வாய்க்காரி!”

சீனாவில் தாய் கைதட்டினாள். தந்தை கண்ணைத் துடைத்தார். “தண்ணீர் மாதிரிப் பேசுகிறாளே! தம்பியையும் அந்த வீட்டுக்கே அனுப்புவோம்.”

திரை அணைந்தது. வாசலில் நின்ற மகன் யசிந்தன் வாயைப் பிளந்தான்.

“அம்மா, அவையளுக்கு இங்கிலீஷ் சுத்தமாத் தெரியாதோ?”

“தெரிஞ்சிருந்தால், நாங்கள் கதைச்சது தமிழ் எண்டு பிடிச்சிருப்பினமே!”