கோவளத்துக் கொடுவா

கோவளம் கயாக் படகுத் தூண்டில் சங்கத்தில் சேர்ந்த முதல் ஞாயிறே எனக்குக் கொடுவா மீன் மாட்டியது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஒரு பெரிய கொடுவாவை ஏந்திச் சிரிக்கும் படங்களைப் பார்த்துத்தான் சேர்ந்திருந்தேன். கடல் முழுக்கக் கொடுவாதான் என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

வால் பக்கம் ஒரு நீல வளையம் இருந்தது. ஏதோ குப்பை சிக்கியிருக்கிறது, பாவம் என்று கழற்றி எறிந்தேன். வீட்டில் என் மனைவி தமயந்தி பாதியைக் குழம்பு வைத்து, மீதியை வறுத்தாள். தட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன்.

ஒரு லைக் கூட விழவில்லை. செயலாளர் டேவிட்சன்தான் போன் செய்தார்.

“சார், வால்கிட்ட நீல வளையம் இருந்துச்சா?”

“ஆமா சார், கழட்டிட்டேன்.”

“தின்னுட்டீங்களா?”

“கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு.”

அவர் அழுதேவிட்டார். “இந்தக் கடல்ல மிச்சமிருந்த ஒரே மீன் சார் அது! எல்லாரும் மாத்தி மாத்தி அதையேதான் புடிச்சு, போட்டோ எடுத்து, விட்டுருவோம். அதுவும் பழகிப்போய்த் தானா வந்து வாயத் தெறக்கும்.”

பொதுக்குழு கூடி முடிவெடுத்தது. இன்னொரு மீன் கிடைக்கும்வரை ஞாயிறுதோறும் காலில் நீல வளையத்தோடு நான்தான் மிதக்கிறேன். லைஃப் ஜாக்கெட்டில் தூண்டிலை மாட்டி இழுக்கிறார்கள். நானும் மரியாதைக்குக் கொஞ்சம் துள்ளுவேன். படமெடுத்ததும் திரும்பக் கடலில் விட்டுவிடுவார்கள்.

போன வாரம் தமயந்தியும் சங்கத்தில் சேர்ந்தாள். இன்று அவள் தூண்டிலில்தான் மாட்டினேன். படமெல்லாம் எடுத்தாயிற்று. விடுவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.