புதன்கிழமை எண்ணெய் வாசனை

“மறுபடியும் ரஷீதா வீட்டுல எண்ணெய்ப் பலகாரமா?”

கதவைத் திறந்த தங்கராஜு மூக்கைச் சுளித்தார். சந்திரமதி இடது புருவத்துத் தழும்பில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். புடவையெல்லாம் பொரித்த வாசனை.

புதன்கிழமை என்றால் இதே கூத்துதான். அன்றைக்குத்தான் சிங்கப்பூரின் பிடோக்கில், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், அவருக்கு யோகா வகுப்பு. முடித்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். பிறகுதான் மனைவி வந்து சேருவாள்.

“ஊரார் பிள்ளைங்களுக்கு எண்ணெயைத் தொடாதேன்னு சொல்லிக் குடுக்கிறேன். என் பெண்டாட்டி பக்கத்து வீட்டுல போய்த் திருட்டுத்தனமாத் தின்னுட்டு வர்றா. வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க லா.”

“காப்பி போடவாங்க?”

“ஒரு நாளாவது என் க்ளாஸை எட்டிப் பார்த்திருக்கியா?”

“நான் வந்து என்னத்தைப் பண்ணப் போறேன்?”

தங்கராஜு துறைமுகத்து வேலையை விட்டுவிட்டு யோகாவை நம்பி இறங்கியவர். 1983-ல் பள்ளிக்கூடத்தில் யோகா என்றால், “என்ன சார், சர்க்கஸா?” என்று கேட்டவர்களே அதிகம். தொடங்கிய மாதம் ஏழெட்டுப் பிள்ளைகள்தான் வந்தார்கள். பிறகு என்ன மாயமோ, அறை நிரம்பி வழிந்தது. தன் குரலுக்கு இருக்கும் சக்தி என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்தத் தெம்பில் இலக்கும் வைத்துவிட்டார்.

“இந்த வருஷம் அஞ்சு பள்ளிக்கூடம். அடுத்த வருஷம் பத்து. நம்ம க்ளாஸ்ல உட்கார இடமில்லை, சந்திரா! தலைமையாசிரியர் ஜார்ஜ் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மத்த பள்ளிக்கூடமெல்லாம் கூப்பிடும்.”

“முதல்ல இங்கேயே பிள்ளைங்க நிலைச்சு நிக்கட்டுங்க.”

“உன் வாயில ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு!”

அதற்கு அடுத்த வாரம் சந்திரமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி. ரொம்பத் தாமதம் என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

தங்கராஜு வகுப்பை விடவில்லை. பிழைப்பும் அதுதான், பிடிமானமும் அதுதான். ஆனால் வாரத்துக்கு வாரம் பிள்ளைகள் குறைந்தார்கள். இந்தப் புதன்கிழமை, அத்தனை பெரிய அறையில் நாலே பேர்.

“சுட்ட சாத்தே கறி வாசனையை மெதுவா உள்ள இழுங்க... சூடான மைலோவை மெதுவா ஊதி ஆத்துங்க...”

மூச்சுப் பயிற்சிக்கு அவரே கண்டுபிடித்த வழி. பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுப்பார். வீட்டில் சொன்னதே இல்லை.

வாசலில் நின்று பார்த்த ஜார்ஜ் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வருத்தப்படாதீங்க, தங்கராஜு. நாலு பேருக்காக ரூம் குடுக்க முடியாது லா. இன்னிக்கோட நிறுத்திக்குவோம்.”

பாய்களைச் சுருட்டும்போது அவருக்குக் கை ஓடவில்லை. கடைசியாகக் கிளம்பிய பிரிஜட்டை நிறுத்தினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை.

“மத்தவங்க ஏம்மா வர்றதில்லை? நான் சரியாச் சொல்லிக் குடுக்கலையா?”

பிரிஜட் தரையைப் பார்த்தாள்.

“கறிபாப் ஆன்ட்டி வர்றதில்லை, சார். அதான்.”

“யாரது?”

“பின் கேட்டுல நிப்பாங்க. யோகா முடிச்சு வந்தா ஆளுக்கு ஒரு கறிபாப். கிழங்கு வச்சு எண்ணெயில பொரிச்சது, சுடச்சுட இருக்கும். ஆனா சும்மா குடுக்க மாட்டாங்க, சார். ‘இன்னிக்கு சார் என்ன சொல்லிக் குடுத்தாரு, செஞ்சு காட்டு’ம்பாங்க. கூடவே அவங்களும் செய்வாங்க. சார்கிட்ட சொல்லிட்டா அடுத்த வாரம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க.”

தங்கராஜு பாய் சுருட்டுவதை நிறுத்தினார்.

“எப்படி இருப்பாங்க?”

“இங்க ஒரு தழும்பு இருக்கும்.” பிரிஜட் தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

சந்திரமதியின் தழும்பு. அவர் சுருட்டிய பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப நீ ஏம்மா வந்தே?”

“எனக்குக் கறிபாப் பிடிக்காது, சார்.”

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். சந்திரமதி கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போடும்போதே அவளுக்கு வலி வந்துவிட்டது. கண்களை இறுக மூடி, மூக்கால் மெதுவாக இழுத்தாள். பிறகு உதட்டைக் குவித்து, சூடாக எதையோ ஆற்றுவதுபோல் நீளமாக ஊதினாள்.

தங்கராஜு பார்த்துக்கொண்டே நின்றார்.

வலி அடங்கியதும் கண்ணைத் திறந்தாள். அவரைக் கண்டதும் அந்தக் கண்ணில் ஒரு பயம்.

“என்னங்க... இன்னிக்குப் புதன்கிழமையாச்சே. பிள்ளைங்க வந்தாங்களா?”

அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். விரல்களில் எண்ணெய் தெறித்த சூட்டுப் புள்ளிகள். இத்தனை நாள் அவர் கண்ணில் படாதவை.

பொய்யே பேசக் கூடாது என்று வாரம் தவறாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் குனிந்து சொன்னார்:

“உட்கார இடமில்லை, சந்திரா.”