பொய் வசம்பு

"நல்லா கசக்கி மோந்து பாருடி. வாசனை வருதா?"

சத்யப்பிரியா நீட்டிய இலையைப் பாண்டிச்செல்வி மூக்கோடு ஒட்டி வைத்து இழுத்தாள்.

"ஒரு வாசமும் இல்லக்கா. பச்சத் தண்ணியை மோந்த மாதிரில்லா இருக்கு."

"எனக்கும் வரல. அப்ப இது வசம்பு இல்ல. ஐரிஸேதான்!" சத்யப்பிரியா சேற்றுக் காலோடு ஒரு குதி குதித்தாள்.

ஒரகடத்தில் இருவரும் வேலை பார்க்கும் கம்பெனியின் பின்பக்கக் குட்டை அது. எப்போதோ ஒரு நர்சரிக்காரர் நட்டுவிட்டுப் போன செடிகள் வாள் வாளாக இலை விட்டு நின்றன. குட்டையை மூடி ஷெட் போடப் போகிறார்களாம். நாளைக்கு ஜேசிபி வருகிறது.

"அதென்னக்கா ஐரிஸு?"

"குளிர் ஊருப் பூவுடி. தொங்குற இதழ் மேல பிரஷ் மாதிரி முடி இருந்தா, அது தாடி வெச்ச வகை. இல்லன்னா தாடியில்லாத வகை. அதுல மஞ்சளா பூக்குறது ஒண்ணு தண்ணியிலயே வளரும். பாக்கறதுக்கு அச்சு அசல் வசம்பு. 'பொய் வசம்பு'ன்னுதான் அதுக்குப் பேரே வெச்சிகீறாங்க."

"பூக்காம எப்படிக்கா கண்டுபிடிக்க?"

"அதான் மோந்து பாக்கச் சொன்னேன். வசம்பைக் கசக்குனா ஊரையே கூட்டும். இது கம்முனு கீது பாரு."

எம்.எஸ்ஸி. தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கியவள் சத்யப்பிரியா. அப்பா படுத்த படுக்கையானதும், 'ஒரே ஒரு வருஷம்' என்று சொல்லித்தான் படப்பையில் கம்பெனி பஸ் ஏறினாள். மூன்று வருஷம் ஓடியே போய்விட்டது. படித்த படிப்பை இப்படிப் பாழாக்கிவிட்டோமே என்று அவள் அழாத நாள் இல்லை.

கல்லூரியில் பாடம் எடுத்த லீலா மேடத்துக்கு இந்தச் செடியைப் பற்றி போனில் சொன்னதும் அவர் ஆடிப்போய்விட்டார். "நம்ம வெயில்ல தாடியில்லாத ஐரிஸா? நிஜம்னா அது பெரிய விஷயம்மா. நானே வந்து பாக்கறேன். என்கிட்டயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்துடு."

போதாதா? இன்று காலையே சத்யப்பிரியா வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"மேடம் வந்து பாத்த பொறவு எழுதிக் குடுத்திருக்கலாம்லக்கா?"

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தினி நாளுடி இருக்கிறது? இந்த கேண்டீன் சாப்பாட்டையே இனிமே தின்ன முடியாது. எல்லாமே சப்புனு கீது."

"கேண்டீனை ஏன் சொல்லுதிய? நான் வைக்க மீன்குழம்பே அப்படித்தான இருக்கு!" இருவரும் சிரித்தார்கள்.

வாட்ச்மேன் வழிகாட்ட, லீலா மேடம் வந்தார். சத்யப்பிரியா கசக்கிய இலையும் உடைத்த கிழங்குமாக எதிரே ஓடினாள்.

மேடம் நடுவழியிலேயே நின்றுவிட்டார். முகம் வாடிவிட்டது.

"சத்யா, இது வசம்பும்மா."

"இல்ல மேடம்! ரெண்டு பேரும் கசக்கி மோந்து பாத்தோம். துளி வாசனைகூட இல்ல. இவளை வேணும்னா கேளுங்க."

"நான் நிக்கிற இடம் வரைக்கும் குப்புனு அடிக்குதேம்மா!"

ஐயோ, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டோமே! சத்யப்பிரியா கிழங்கை மூக்கில் அழுத்தி இழுத்து இழுத்துப் பார்த்தாள். பாண்டிச்செல்வி பிடுங்கி அவளும் மோந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து சத்யப்பிரியாவின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செடி கிடக்கட்டும்மா. நீங்க ரெண்டு பேரும் உள்ளே எந்த செக்‌ஷன்ல வேலை பாக்கறீங்க?"

"கார் பாடிக்கு பெயிண்ட் அடிக்கிற செக்‌ஷன்ல, மேடம்."