டீச்சர் விளையாட்டு

கள்ளிப்பெட்டிப் பலகையில், அடுப்புக்கரியும் கோவை இலைச் சாறும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தான் நெசவாளி ஏகாம்பரம். மகள் புவனாவுக்கு டீச்சர் விளையாட்டுக்குக் கரும்பலகை வேண்டுமாம். மாணவர்கள் தயார். நூல் தீர்ந்த தார்க்கட்டைகளைச் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்திருந்தாள்.

அப்போதுதான் மனைவியின் அண்ணன் கலியாணசுந்தரம் வந்து சேர்ந்தார். சர்க்கார் சம்பளம், கஞ்சி போட்ட சட்டை, அதைவிட விறைப்பான பேச்சு.

"ஏன் மாப்ள, தறியை நிறுத்திட்டு இதையா பண்ணிக்கினு இருக்கே?"

"கொழந்தை கேட்டுது மச்சான்."

"கேட்டா? பொட்டப்புள்ளைக்கு தார்க்கட்டையில நூல் சுத்தக் கத்துக்குடு. கட்டைங்களுக்குப் பாடம் நடத்தி கலெக்டராவா ஆவப்போறா? இதுவும் ஒரு போர்டாம்! பலகை கோணல், கரி கையில ஒட்டுது."

மச்சானாச்சே என்று ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டான். அவரோ காபியைக் குடித்துக்கொண்டே, பலகை காயும் வரைக்கும் நக்கலடித்தார். காய்ந்ததும் விரலால் தடவிப் பார்த்தார். கரி ஒட்டவில்லை.

"ஒரு சாக்கு இருந்தா குடு மாப்ள."

"எதுக்கு மச்சான்?"

"இதைச் சுத்தி எடுத்துக்கினு போவத்தான். நாளைக்கு எங்க ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வராரு. இருந்த போர்டு செல்லரிச்சுப் போயி ரெண்டு வருஷம் ஆவுது. ஹெட்மாஸ்டர்னு நான் ஒருத்தன் இருக்கேன், கிளாஸ்ல போர்டு இல்லேன்னா மானம் போயிடாதா?"

ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள், புவனா தார்க்கட்டைகளை எல்லாம் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"பசங்களாவது இருக்காங்களா மாமா? இல்லேன்னா இவங்களையும் கூட்டிக்கினு போங்க."