வெள்ளை ரிப்பன்

மே மாதத் திருவிழாவுக்குப் புல்வெளியில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் எட்டு ரிப்பன் கட்டுவது ஏமஸ் கிழவரின் வேலை. அடுத்தவர் போட்ட முடிச்சை அவர் நம்பமாட்டார். இந்த வருஷம் ஆளுக்கொரு ரிப்பனைப் பிடித்துக் கம்பத்தைச் சுற்றிப் பின்னல் ஆட ஏழு பிள்ளைகள்தான். எட்டாவது ஆள், அவருடைய பேத்தி எஃபி, போன ஜூனில் ஆற்றோடு போய்விட்டாள்.

“பெரியவரே, அந்த வெள்ளையை ரொட்டிக்கடைக்காரர் பொண்ணுக்குக் குடுத்துடலாமே” என்றாள் ப்ரூவெட் டீச்சர்.

“அது எஃபியோடது. யாராவது தொட்டா கம்பத்தையே பிடுங்கிட்டுப் போயிடுவேன்.”

“ஜோடி சேராம ஏழு பேர் ஆடினா பின்னல் விழாதே.”

“விழாட்டிப் போகட்டும். சனம் வர்றது உங்க கேக்கைத் திங்கத்தானே?”

பிடில் ஆரம்பித்தது. பிள்ளைகள் எதிரும் புதிருமாகச் சுற்றினார்கள். பின்னல் ஒரு பிசகில்லாமல் விழுந்தது. பிறகு திரும்பிச் சுற்றிப் பிரித்தார்கள், ரிப்பனை விட்டுவிட்டுக் கேக் மேஜைக்கு ஓடினார்கள்.

ஏழு ரிப்பனும் கம்பத்தோடு தொங்கின. வெள்ளை மட்டும் விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது.

கிழவர் அருகே போனார். நுனி நனைந்திருந்தது. போன வருஷம் எஃபி பிடித்திருந்த நுனி அவருடைய இடுப்புவார் உயரத்துக்கு நின்றது. இப்போது அதற்கு மேலே மூன்று விரற்கடை.

ஒரு வருஷத்தில் பிள்ளைகள் அவ்வளவுதான் வளரும்.