மாதம் ஒரு ரூல்

இரண்டு கவர்களையும் மேஜைமேல் அறைந்தாற்போல் வைத்தாள் அம்சவல்லி.

"இந்தா சார், எங்க ரத்தம். போதுமா, இன்னும் வோணுமா?"

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில், அரபு நாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் அண்ணாதுரை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு நிற்கும் பெண்ணை அவருக்கு யாரென்று பிடிபடவில்லை.

"பென்னலூர் பலராமன் சம்சாரம். வெல்டர் பலராமன்."

"அட, நம்ம பலராமன் வூட்டம்மாவா? உக்காரும்மா."

உட்கார அவளுக்கு நேரமில்லை. இரண்டு மணி ஷிப்டுக்குள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு பிஸ்கட் கம்பெனிக்கு ஓட வேண்டும். பஸ்ஸில் வரும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஆறு மாதமாகச் சேர்ந்த ஆத்திரம்.

போன வருஷம் வளைகுடாவில் சண்டை மூண்டபோது, லீவு முடிந்து போன சில மாதத்திலேயே கட்டிய துணியோடு திரும்பி வந்தவன் பலராமன். சண்டை ஓய்ந்ததும் வேறொரு நாட்டில் வேலை கூடி வந்தது. அப்போதுதான் அந்த ரூல் வந்தது.

எய்ட்ஸ் என்று ஒரு நோய் உலகம் பூராவும் பரவுகிறதாம். அது இல்லையென்று ரத்தம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவந்தால்தான் விசாவாம். பங்குனியில் பலராமன் சொன்னான். சரி என்றாள்.

சித்திரைக் கடைசியில், சான்றிதழுக்கு முப்பது நாள்தான் ஆயுள், தேதி தாண்டிப்போச்சு, திரும்ப எடுக்கணும் என்றான்.

ஆனியில், அந்த லேப் செல்லாது, வேறு லேபில் எடுக்கச் சொல்லிட்டாங்க என்றான்.

ஆடியில் முத்திரை சரியில்லை என்றான்.

ஒவ்வொரு தடவையும் 'ரூல் மாறிப்போச்சு' என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரகடம் கூட்டுரோட்டுப் பட்டறைக்கு வெல்டிங் வைக்கப் போய்விடுவான். கத்துவதெல்லாம் அவள்தான். எங்கோ ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மாதத்துக்கு ஒரு ரூல் போடும் அந்த முகம் தெரியாத அதிகாரியை அவள் திட்டாத திட்டு இல்லை. அவன் கை விளங்காமல் போக வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

ஆவணியில் வந்ததுதான் எல்லாவற்றுக்கும் உச்சம். இனிமேல் போகிறவன் ரத்தம் மட்டும் பத்தாதாம். பெண்டாட்டி, பிள்ளை ரத்தமும் வேண்டுமாம்.

பட்டணத்துக்கு அவனே கூட்டிப் போனான். குழந்தைக்கு நரம்பு அகப்படாமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அது வீறிட்டபோது பலராமன் எழுந்து வெளியே போய்விட்டான். குழந்தையைத் தனியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

ரிசல்ட் இன்று காலை ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. அவன் பட்டறைக்குக் கிளம்பிப் போயிருந்தான். உள்ளே எப்படியும் இங்கிலீஷில்தான் இருக்கும் என்று அவள் பிரிக்கக்கூட இல்லை. அவன் வரும்வரை காத்திருந்தால் அதற்குள் இன்னொரு ரூல் வந்துவிடும். நேராகக் கிளம்பி வந்துவிட்டாள்.

"தேசம் வுட்டு தேசம் போறவரு அவரு," என்றாள். "வூட்ல கீற எனுக்கும் இந்தப் பச்சப்புள்ளைக்கும் எதுக்கு சார் ஊசி? எந்த மவராசன் போட்ட ரூலு இது?"

அண்ணாதுரை கவர்களைப் பிரித்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டையும் படித்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லம்மா. நெகட்டிவ்னு போட்டுகீது." காகிதங்களை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆனா இத இன்னாத்துக்கு என்கிட்ட கொணாந்த? போறவங்களுக்கு மட்டுந்தான் டெஸ்டு. பங்குனில வந்த ரூலு. இன்னிய வரைக்கும் அதேதான்."

"மாத்திக்கினே கீறாங்களாமே."

"ஒரு தபா கூட மாத்தல. அவரோட வந்த நாலு பேரு சித்திரைலயே ஃபிளைட் ஏறிட்டாங்க. இவரு ரிசல்ட் வாங்கியாரேன்னு போனாரு. திரும்பி வந்தப்ப பேப்பரைக் காட்டல. பாஸ்போர்ட்ட மட்டும் வாங்கிக்கினு போய்ட்டாரு. வேற ஏஜெண்டப் புடிச்சிட்டாருன்னு நெனச்சிக்கினேன்."

கீழே காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. குழந்தை மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்புக்குக் கையை நீட்டியது. அம்சவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவே இல்லை.

மாதத்துக்கு ஒரு ரூல் போட்ட அதிகாரி எவனும் இல்லை.

ஆத்திரம் மட்டும் அப்படியே இருந்தது. யார்மேல் போய் விழுவதென்றுதான் அதற்குத் தெரியவில்லை.

"பொண்டாட்டி ரத்தமும் வோணும்னு யாரும்மா சொன்னது?"

கேட்ட பிறகுதான் அண்ணாதுரைக்கே ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். பென்னலூரில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தவர் அவர். அவர் காதில் விழுகிற எதுவும் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் போய்விடும்.

அம்சவல்லி இரண்டு காகிதங்களையும் நாலாக மடித்துக் கூடைக்குள் வைத்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரேடியோல சொன்னாங்க சார்," என்றாள். "நாந்தான் தப்பாக் கேட்டுக்கினேன் போல."