அறுநூறு பருக்கைகள்

"என் ஆய்வுக்கு மறுப்பு உள்ளவர்கள் பேராசிரியரிடம் அனுமதி கேட்டுப் பேசலாம்" என்று ரஸ்மஸ் சபையைப் பார்த்துச் சொன்னான். வால் வைத்த கறுப்புக் கோட்டும், பட்டம் கைக்கு வந்துவிட்டதுபோல் ஒரு முகமும்.

பின்லாந்தில் டாக்டர் பட்டத்துக்கு நிற்கிறவன் கடைசியில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு யாரும் வாய் திறப்பதில்லை என்பதும் வழக்கம்தான்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த இர்மெலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரியல்காரர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் அவள். அவர்கள் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்பது அவளுடைய முடிந்த முடிவு.

கையை நடுங்க வைக்கும் பார்க்கின்சன் நோய்க்கு ரஸ்மஸ் மருந்து கண்டுபிடித்திருக்கிறானாம். மூன்று எலிகளுக்கு மருந்து, மூன்று எலிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஒவ்வொரு எலியின் மூளையிலும் நூறு செல்களை அளந்தான். மருந்து வாங்கிய எலிகளில் செல்கள் செழிப்பாகத் தெரிந்தன. உடனே அறுநூறு சோதனை என்று எழுதிவிட்டான்.

அதை நம்பி, வருகிற இலையுதிர்காலத்தில் அந்த மருந்தை நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆறு பானை வைத்து, பானைக்கு நூறு பருக்கை நசுக்கிப் பார்த்தவன் 'அறுநூறு பானை பொங்கினேன்' என்று ஊரைக் கூட்டிச் சொன்னால் அவனை என்ன செய்வது?

இங்கே தலையில் தொப்பி வைத்து டாக்டர் என்கிறார்கள்.

எலிக்கும் எலிக்கும் எவ்வளவு வித்தியாசம், ஒரே எலியின் செல்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அப்படி ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. இர்மெலி நேற்று வீட்டில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தாள். எலிவாரியான எண்களை அந்தப் புத்திசாலியே ஆய்வேட்டின் கடைசியில் அச்சடித்துக் கொடுத்திருந்தான்.

மருந்து வாங்கிய எலிகளில் ஒன்றே ஒன்றுதான் செழிப்பு. மற்ற இரண்டும் உப்புத் தண்ணீர் எலிகளைப் போலத்தான் இருந்தன. மருந்தின் மகிமை என்று இவர்கள் கொண்டாடியது ஒற்றை எலியின் மகிமை.

கேள்வி கேட்பதற்கென்றே டென்மார்க்கிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். அந்த மனிதர் இரண்டு மணி நேரமும் படங்கள் எவ்வளவு துல்லியம், எவ்வளவு அழகு என்று உருகிவிட்டு உட்கார்ந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் தோற்றார். சபையில் பாதிப் பேருக்கு வெளியே வைத்திருந்த காப்பி மேலும் கேக் மேலும்தான் கண்.

இர்மெலி எழுந்து நின்றாள்.

நின்றதுமே சிரிப்பு கிளம்பியது. மறுப்புச் சொன்னவரை அன்றைய விருந்துக்கு அழைத்தே ஆக வேண்டும் என்பது இங்கே மரபு. அதனால் எழுந்து நிற்கிறவர் வயிற்றுக்காக நிற்கிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

"உன்கிட்ட இருக்கறது ஆறு எலி தம்பி, அறுநூறு இல்ல. ஒழுங்கா கணக்குப் போட்டா, உன் மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லவே முடியாது."

"அடடா, இர்மெலிக்குப் பசி வந்துடுச்சு! சால்மன் மீனா, கலைமான் கறியா?" என்றார் ஹாபகோஸ்கி. ரஸ்மஸின் பேராசிரியர், இர்மெலியோடு இருபது வருஷம் ஒரே கட்டடத்தில் குப்பை கொட்டியவர்.

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. டென்மார்க்காரருக்குப் பக்கத்திலிருந்தவர் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் சிரித்தார். ரஸ்மஸ் கைதட்டவே செய்தான்.

மாடு மேய்த்திருக்கலாம் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு என்று இர்மெலி நினைத்தாள். சிரிப்பு அடங்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு எலிவாரியான எண்களை மனப்பாடமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரஸ்மஸ் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். அவன் முகத்தில் இருந்த டாக்டர் மெல்ல இறங்கிப் போனார்.

ஹாபகோஸ்கிக்கும் சிரிப்பு போய்விட்டது. "நீதான் ரிட்டயர் ஆயிட்டியே இர்மெலி. இதுல உனக்கு என்ன வந்துச்சு?"

இர்மெலி ஜாக்கெட் பையிலிருந்து வலது கையை எடுத்து, முன்னாலிருந்த காலி நாற்காலியின் முதுகில் வைத்தாள்.

நாற்காலி கடகடவென்று ஆடியது. அவள் அழுத்திப் பிடித்தாள். அப்போதும் நிற்கவில்லை.

"இலையுதிர்கால ஊசிக்கு நானும் பேர் கொடுத்திருக்கேன்" என்றாள்.

நேற்று அந்தக் கணக்கை அவள் ஒரு தடவையோடு விடவில்லை. எங்கேயாவது இடறியிருப்போமா என்று திரும்பத் திரும்பப் போட்டாள். இப்போது சபையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். இத்தனை படித்தவர்களில் ஒருவராவது எழுந்து, நீ சொல்வது தப்பு என்று சொல்லமாட்டாரா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.